வலது கார்னரில் நின்றவன்

காலை பத்து மணிக்குக் கடையின் ஷட்டர் ஏறும்போது இரண்டாம் மாடிப் பட்டுப் பிரிவில் முப்பத்தெட்டுப் பெண் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஜன்னல் பக்கம் கடைசியாக நின்றவள் பிரம்மசக்தி. நான் சொல்லப்போவது அவளைப் பற்றித்தான். இல்லை, என்னைப் பற்றி. எனக்கு நடந்த அநியாயத்தைப் பற்றி.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள், பஸ்ஸில் என் கால் ஓரிடத்தில் நிற்காது. வீட்டிலும் இதே திட்டுதான். நீங்கள் திருநெல்வேலி வரைக்குமா? நானும் அங்கேதான், அங்கிருந்து பாளையங்கோட்டை. மேலே கம்பியில் இருக்கிற மஞ்சப்பை என்னுடையது. முறுக்கும் பிஸ்கட்டும். விழுந்தால் சொல்லுங்கள்.

நான் கபடி ஆடியவன். உங்களுக்குக் கபடி தெரியுமா? டிவியில் பார்ப்பீர்கள். நாங்கள் ஆடியது மண்ணில். சங்கரன்கோவில் சுற்று வட்டாரத்தில் கோமதிநாயகம் என்றால் ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரியும். வலது கார்னர். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தேன் என்றால் அவன் கோட்டைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை.

பிடிக்கிறவனுக்கு முதல் பாடம் என்ன? வருகிறவனின் கண்ணைப் பார்க்கக் கூடாது. கண் பொய் சொல்லும். கை பொய் சொல்லும். வலது காலைத் தூக்கிக் காட்டி இடது காலால் தொடுவான். இடுப்பு மட்டும்தான் பொய் சொல்லாது. இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, ஆள் அந்தப் பக்கம் போவான். இரண்டாவது, அவன் பாட்டைக் கேட்கக் கூடாது. கபடி கபடி என்று பாடிக்கொண்டு வருவது மூச்சு விடவில்லை என்று காட்டுவதற்கு. அதில் சேதி ஒன்றும் கிடையாது. கேட்டுக்கொண்டு நின்றால் நம் கவனம்தான் சிதறும். கேட்க வேண்டியது நடுவரின் வேலை.

மூன்றாவது, செயின். கார்னரில் நிற்பவனும் அவனுக்குப் பக்கத்தில் கவரில் நிற்பவனும் கை கோத்துக்கொண்டு நிற்பார்கள். எனக்குக் கவர் பரமசிவன். பதினோரு வருடம் அவன் கை என் கையில் இருந்தது. கோத்த கையை யாராவது திரும்பிப் பார்ப்பார்களா? பார்க்க வேண்டியது எதிரே வருகிறவனை. கை இழுத்தால் போக வேண்டும், கை தளர்ந்தால் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டவனுக்கு எந்த இடத்திலும் வேலை உண்டு. முழங்கால் போன பிறகு நான் முதலில் ஒரு பருத்தி மில்லில் வாட்ச்மேன். அங்கே வருகிறவன் இரும்புத் திருடன். அவன் சுவர் ஓரமாக வருவான். பிறகு ஒரு கல்யாண மண்டபம். அங்கே வருகிறவன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சிரித்தபடி வருவான், மணமகள் அறை எங்கே என்று மாப்பிள்ளையின் மாமா மாதிரிக் கேட்பான். அவனைச் சாப்பாட்டுப் பந்தியில் கண்டுபிடித்துவிடலாம், பாயசத்துக்கு நிற்க மாட்டான். இடம் மாறும், வேஷம் மாறும், இடுப்பு மாறாது. இதைப் பார்த்துத்தான் திருநெல்வேலி டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் என்னைச் செக்யூரிட்டி சூப்பர்வைசராக எடுத்தார்கள். கடை பேர் வேண்டாம். நான் சேர்ந்த மறு மாதமே மேனேஜர் திரவியத்திடம் சொல்லிப் பரமசிவனையும் கூட்டிவந்தேன். “சார், எனக்கு எதிர்ல வர்றவனைப் பாத்துக்கத் தெரியும். பக்கத்துல ஒரு கை வேணும்” என்றேன்.

முன்வாசலும் மாடிகளும் நான். பின்வாசல் பரமசிவன். பின்வாசலில் என்ன இருக்கிறது? சரக்கு இறங்கும். காலி அட்டைப்பெட்டிகளைக் கட்டிச் சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு லோடு ஆட்டோ எடுத்துக்கொண்டு போகும். அதற்கு ஒரு நம்பிக்கையான ஆள் போதும்.

2019 தீபாவளிக்கு முன்னால், செப்டம்பர் கடைசியில், திரவியம் என்னைக் கூப்பிட்டார். எடை போடுகிற மாதிரி ஆளைப் பார்க்கிற மனிதர்.

“கோமதி, பட்டுல அடி விழுதுய்யா. போன மாசம் ஒம்பது சேலை. எல்லாம் ரெண்டாவது மாடி. நீ என்ன பண்ணுதே?”

“சார், ஒரு வாரம் குடுங்க.”

“ஒரு வாரத்துல இன்னும் மூணு போவும்.”

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. களத்தில் ஒருவன் தொட்டுவிட்டுப் போனால் இருக்குமே, அப்படி. மறுநாளிலிருந்து நான் மாடியை விட்டு இறங்கவில்லை. வருகிறவர்களை வகை பிரித்தேன். கூட்டமாக வந்து நாற்பது சேலையை இறக்கச் சொல்லி ஒன்றுமே எடுக்காமல் போகிறவர்கள் ஒரு வகை. அழுகிற குழந்தையோடு வருகிறவர்கள் ஒரு வகை. குழந்தையை யார் கிள்ளுகிறார்கள் என்று பார்ப்பேன், சிரிக்காதீர்கள். பெரிய பையோடு தனியாக வந்து விலை கேட்காமல் துணியை மட்டும் தடவுகிறவர்கள் ஒரு வகை. ஒரு அம்மாவைச் சந்தேகப்பட்டு முன்வாசல் வரை பின்னாலேயே போனேன். அது திரவியத்தின் பெரியம்மா மகள். அதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பரமசிவன்தான் ஆறுதல். சனிக்கிழமை மத்தியானம் ஆட்டோ வரும் நேரத்தில் எனக்குப் பரோட்டா வாங்கிக்கொண்டு மாடிக்கே வந்துவிடுவான். முன்பக்கம் துணி மாற்றிப் பார்க்கிற அறைக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, சால்னா ஊற்றி, “நீங்க எந்திரிக்காதீய அண்ணே. கண்ணு முழிச்சு முழிச்சுச் சிவந்துபோய்க் கெடக்கு. ஒரு அரைமணி நேரம் தின்னுங்க. நான் ஒரு சுத்துப் பாத்துட்டு வாரேன்” என்பான். பெற்ற பிள்ளை செய்யாது. சொந்தத் தம்பி செய்ய மாட்டான்.

இந்த நேரத்தில் திரவியம் ஒரு யோசனை செய்தார். நல்ல மூளை அவருக்கு. பட்டுச் சேலை ஒவ்வொன்றிலும் முந்தானையின் உள்மடிப்பில் ஒரு மஞ்சள் நூலை முடிச்சுப் போட்டுவைப்பது. பணம் கட்டிய பிறகு, பேக்கிங் மேசையில் இருக்கும் அம்மா அதைக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிடுவார். ஆக, நூலோடு ஒரு சேலை வெளியே தென்பட்டால் அது பணம் கட்டாத சேலை. இது தெரிந்தவர்கள் மூன்றே பேர். திரவியம், பேக்கிங் அம்மா, நான். “உன் கூட்டாளிகிட்டகூடச் சொல்லக் கூடாது, நெல்லையப்பர் மேல சத்தியம்” என்று கையில் அடித்து வாங்கினார். பரமசிவனிடம் நான் மறைத்த ஒரே விஷயம் அதுதான். இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

மானூர் வந்துவிட்டதா? இல்லை, இது வேறு. பஸ் நிற்கிற இடமெல்லாம் எனக்கு மானூர் மாதிரித் தெரிகிறது.

அக்டோபர் இரண்டாம் வாரம் பரோட்டா தின்றுகொண்டிருக்கும்போது பரமசிவன் மெதுவாகச் சொன்னான்.

“அண்ணே, நாம வெளிய இருந்து வர்றவனையே பாக்கோம். உள்ள நிக்கிறவன் பாடி வந்தா?”

“என்னலே சொல்லுத?”

“அந்தக் கடைசிப் புள்ள. ஸ்ரீவைகுண்டத்துக்காரி. மத்தியானம் மூணு மணிக்கு மேல ரேக்குக்குப் பின்னால போவுது. அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். போயிட்டு வந்து ஒண்ணும் நடக்காத மாதிரி நிக்கிது. எனக்கென்ன, சொல்லணும்னு தோணுச்சு. நீங்கதான் இடுப்பைப் பாத்தே சொல்லிருவீயளே.”

பார்த்தேன். பிரம்மசக்திக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். நல்ல உயரம். சேலையை உதறி விரித்தாள் என்றால் ஒரே வீச்சில் முந்தானை வாடிக்கையாளர் மடியில் வந்து விழும். பேச்சுக் குறைவு. அவள் இடுப்பை மூன்று நாள் பார்த்தேன். காலையில் நேராக நிற்கும். மத்தியானம் ஒரு பக்கமாகச் சாயும். இரண்டு மணிக்கு மேல் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொள்வாள், காலை மாற்றி மாற்றி வைப்பாள், பார்வை ரேக்குப் பக்கம் போகும். அதாவது போகப்போகிறாள். களத்தில் இதே மாதிரிக் கால் மாற்றுகிறவன் அடுத்த மூச்சில் பாய்வான். எனக்குச் சந்தேகமே இல்லை.

நான்காவது நாள் மத்தியானம் அவள் ரேக்குக்குப் பின்னால் போனதும், முப்பது எண்ணிவிட்டு நானும் போனேன்.

கடைசி ரேக்குக்கும் பின்படிக்கட்டுக் கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம். அங்கே அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் இரண்டையும் நீட்டி, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு. அவளுக்கு அடியில் ஒரு பட்டுச் சேலைப் பெட்டி. பதினாலாயிரம் ரூபாய்ச் சேலை.

கணுக்கால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பழக்க தோஷம், என் கை அங்கே போய்விட்டது. நல்ல வேளை, கையைத்தான் பிடித்தேன்.

“அண்ணாச்சி, விடுங்க. உக்காரத்தான் செஞ்சேன்.”

“சேலை எதுக்கு?”

“தரை சில்லுன்னு குத்துது அண்ணாச்சி. காலைலருந்து நிக்கேன். இன்னைக்கு முடியல. பெட்டி நசுங்காது, நான் பாத்துத்தான்...”

உங்களுக்கு ஜவுளிக்கடை வேலை தெரியுமா? அங்கே விற்கிற பெண் பிள்ளைகள் உட்காரக் கூடாது. அப்போது முறை அப்படி. காலை பத்திலிருந்து இரவு பத்து வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி. வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடிப்பு. அந்த முறையைப் போட்டவன் நான் இல்லை. அதை மீறி அவள் உட்கார்ந்தது ஒரு குற்றம். ஆனால் நான் பிடித்தது அதற்கு இல்லை. ஒரு சேலை ரேக்கை விட்டு இறங்கி, பின்படிக்கட்டுக் கதவு வரை வந்திருக்கிறது. பாதிக் களம் தாண்டிவிட்டது. இன்னும் என்ன அத்தாட்சி வேண்டும்?

மேனேஜர் அறையில் அவள் அழவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. திரவியம் மேசையில் பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“இதுக்கு முன்னால போனதெல்லாம் எங்கம்மா?”

“எனக்குத் தெரியாது சார். நான் எடுக்கல. ஆனா சார், நான் அங்கன உக்காந்திருக்கும்போது, சனிக்கிழமை சனிக்கிழமை பின்படிக்கட்டுல...”

“பாடாதே” என்றேன் நான்.

திரவியம் என்னைப் பார்த்தார்.

“சார், பாடி வர்றவ பாட்டைக் கேட்டா நமக்குத்தான் நஷ்டம். கையும் சேலையுமா பிடிச்சிருக்கு. இனிமே எது சொன்னாலும் கபடி கபடிதான்.”

அவள் திரும்பவும் வாய் திறந்தாள். “அண்ணாச்சி, உங்க கூட...” என்று ஆரம்பித்தாள். நான் மேசையை ஓங்கித் தட்டினேன். போலீஸ் வேண்டாம், தீபாவளி நேரம், கடைப் பேர் கெடும் என்று திரவியம் அவளை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். முன்வாசல் வழியாக, மற்ற முப்பத்தேழு பேரும் பார்க்க.

நடந்ததைக் கேளுங்கள். அதற்கு அடுத்த மூன்று வாரம் ஒரு சேலை, ஒரே ஒரு சேலை குறையவில்லை! திரவியம் எனக்கு ஒரு ஜோடி வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார். எல்லோருக்கும் முன்னால் முதலாளி கை குலுக்கினார். பரமசிவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அண்ணே, நீங்க நீங்கதான்” என்றான். அவன் கண்ணில் தண்ணீர். பொய்யான ஆளுக்குக் கண்ணில் தண்ணீர் வருமா? கண் பொய் சொல்லும் என்று நான்தான் சொன்னேன். அது எதிராளிக்கு.

என் வீட்டுக்காரி உலகம்மாள் மட்டும் அன்றைக்கு வேட்டியை வாங்கி வைத்துவிட்டு, “அந்தப் புள்ளைக்குக் கால்ல என்னவாம்?” என்று கேட்டாள்.

“என்ன கால்?”

“கெண்டைக்காலைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீய.”

அவளுக்கு எப்போதும் சம்பந்தமில்லாததுதான் கண்ணில் படும். இன்னொரு நாள் கேட்டாள், “பரமசிவன் புது புல்லட்டு வாங்கியிருக்காராமே. உங்களுக்கு மேல சம்பளமா?” மாமனார் வீட்டில் நிலம் விற்றது என்றேன். “அவருக்கு மாமனாரே இல்லையே” என்றாள். மாமியார் இருக்கிறாளே, அவள் விற்றிருப்பாள்.

தீபாவளிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது பிரம்மசக்தியும் அவள் அம்மாவும் வந்தார்கள். கடைக்குள் விடவில்லை. முன்வாசலில், நான் நிற்கிற இடத்தில், கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது, அதற்கு நடுவில் நின்றார்கள். அம்மாக்காரி வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவள் போலிருக்கிறது, சேலையெல்லாம் கறை.

“அண்ணாச்சி, எங்களுக்கு வேலை வேண்டாம். இந்தத் தெருவுல எந்தக் கடையிலயும் இனி எடுக்க மாட்டாங்க, போன் போட்டுச் சொல்லிட்டாங்கன்னு தெரியும். அதுகூடப் போவட்டும். தை மாசம் இவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுல சேதி போயிருச்சு. நாளைக்கு வருவாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்தப் புள்ள உக்காரத்தான் செஞ்சிச்சு, திருடலன்னு. நீங்கதான கண்ணால பாத்தீய?”

“நான் பார்த்ததைத்தான் சொல்ல முடியும்மா. சேலை இருந்துச்சு.”

“எங்க இருந்துச்சு? பையிலயா, இடுப்புலயா?”

“அடியில இருந்துச்சு.”

“அடியில வச்சுக்கிட்டு எப்படி அண்ணாச்சி தூக்கிட்டுப் போவா? கோழி முட்டையா?”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. “போம்மா, வழியை மறிக்காதே” என்றேன். பிரம்மசக்தி என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கடைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தேன், பரமசிவன் படியில் நின்றான். என்னைப் பாதுகாக்க வந்திருக்கிறான். அவளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். அவன் மென்மையான மனசுக்காரன், இதெல்லாம் தாங்காது.

அந்தக் கல்யாணம் நின்றுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு நான் என்ன செய்வது? மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் வந்து கேட்கவே இல்லையே.

தீபாவளி முடிந்தது. மறுபடியும் குறைய ஆரம்பித்தது. நவம்பரில் ஐந்து. டிசம்பரில் எட்டு. நான் தூங்கவில்லை. அவளுடைய ஆள் இன்னொருத்தி உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. முப்பத்தேழு பேரின் இடுப்பையும் பார்த்தேன். என்ன கொடுமை என்றால், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அத்தனை இடுப்பும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது! அத்தனை பேரும் கால் மாற்றுகிறார்கள். முப்பத்தேழு பேரும் கூட்டா? திரவியத்திடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“கோமதி, உனக்கு லீவு எதுவும் வேணுமா?”

ஜனவரிக் கணக்கெடுப்பு முடிந்ததும் என்னை அனுப்பிவிட்டார்கள். சரக்கைக் காக்கத் தெரியாதவன் என்ற பட்டம். வலது கார்னர் கோமதிநாயகத்துக்கு! ஆனால் ஒன்று சொல்கிறேன், இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்? நான் வெளியேறிய அதே நாளில் பரமசிவனும் வேலையை விட்டான். “கோமதியண்ணன் இல்லாத எடத்துல எனக்கென்ன வேல” என்று திரவியம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அங்கே சேலை குறையவே இல்லையாம். எப்படிக் குறையும்? நான் போனதும் அவள் கூட்டாளி வந்த வேலை முடிந்தது என்று நிறுத்திவிட்டாள். குறி சேலை இல்லை, நான்தான். கெட்டிக்காரப் பாட்டுக்காரி சாதாரண ஆளைத் தொட மாட்டாள், கார்னரைத்தான் தூக்குவாள்.

பிறகு கொரோனா. இரண்டு வருடம் போனதே தெரியவில்லை. நான் வீட்டில் நடந்துகொண்டே இருந்தேன். வாசலுக்கும் கொல்லைக்கும். உலகம்மாள் பீடி சுற்றினாள்.

2022 பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை, சுரண்டையில் பரமசிவன் சொந்தமாக ஜவுளிக்கடை திறந்தான். நான்தான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று காரே அனுப்பிவிட்டான். சின்னக் கடைதான், ஆனால் சரக்கு நல்ல சரக்கு. எனக்கு மாலை. கடைக்கு நீங்கதான் காவல், முன்வாசலைப் பாத்துக்கிட்டாப் போதும் என்றான். ஒவ்வொரு ரேக்குக்கும் பக்கத்தில் பெண் பிள்ளைகள் உட்கார ஒரு ஸ்டூல் போட்டிருந்தான். சட்டம் வந்துவிட்டதாமே. “சட்டத்துக்காக இல்லண்ணே, நின்னா கால் வலிக்குமில்ல” என்றான். அவன் முகம் அன்றைக்கு ஒரு மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் சில பேருக்கு அப்படி ஆகும்.

விளக்கு ஏற்றிக் காபி குடித்துக்கொண்டிருக்கிறோம், பிரம்மசக்தியின் அம்மா உள்ளே வந்தாள். அதே கறைச் சேலை. கையில் ஒரு பெட்டி. நேராகக் கல்லாப் பெட்டி மேல் வைத்தாள்.

“கல்யாணத்துக்குன்னு குடுத்து விட்டிருக்கீய. எந்தக் கல்யாணத்துக்கு?”

பரமசிவன் எழுந்து நின்றான். “அத்தை, இருங்க, காபி குடிச்சிட்டு...”

“எம் மவ இத நீங்களே வச்சுக்கிடச் சொன்னா. உங்களுக்குத்தான் பொருத்தமா இருக்குமாம்.”

போய்விட்டாள். நான் பெட்டியைத் திறந்தேன். அரக்கு நிறம், பச்சைக் கரை. சும்மா கை பழக்கத்தில் முந்தானையைப் பிரித்தேன். உள்மடிப்பில் மஞ்சள் நூல்.

நறுக்காத மஞ்சள் நூல்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்! இரண்டரை வருடம். அவள் வீட்டிலிருந்து, அவள் அம்மா கையால், பழைய கடையின் சேலை. திருடியது அவள்தான்! பரமசிவன் நல்ல மனசோடு கடையிலிருந்து ஒரு புதுச் சேலை கொடுத்துவிட்டிருக்கிறான். அதை எடுத்து வைத்துக்கொண்டு, திருட்டுச் சேலையைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

“அண்ணே, அதக் கொண்டாங்க” என்றான் பரமசிவன். கையை நீட்டினான். சேலையை இழுத்து மடிக்கப் பார்த்தான். அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டவன் வேறு என்ன செய்வான்?

“உலகம்மாகிட்டக் காட்டிட்டுத் தாரேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். உலகம்மாளிடம் இல்லை, திருநெல்வேலிக்கு. அவனிடம் முதலிலேயே சொன்னால், வேண்டாம்ணே, பாவம்ணே என்று தடுப்பான்.

திரவியம் நூலைப் பார்த்தார். சேலையை மேசையில் வைத்து ஒரு தடவை நீவினார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அந்த அம்மா இத யாருகிட்டத் திருப்பிக் குடுத்துச்சுன்னு சொன்னே?”

“பரமசிவன்கிட்ட சார். கடை திறப்பு விழாவுல. சின்னக் கடைதான். பட்டு மட்டும் இருநூறு இருக்கும். நம்ம கடை சரக்கு மாதிரியே தரமான சரக்கு.”

“அப்படியா” என்றார். “நீ உக்காரு கோமதி. டீ குடி.”

ஆறு வருடம் அங்கே வேலை பார்த்தேன், அவர் என்னை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான்.

மார்ச் 9ஆம் தேதி சுரண்டைக் கடைக்குப் போலீஸ் வந்தது. பதினேழு சேலையில் மஞ்சள் நூல் இருந்ததாம். அந்த லோடு ஆட்டோக்காரனையும் பிடித்து, அவனும் என்னவோ சொல்லிவிட்டான். அடித்தால் யாரும் எதையும் சொல்வான். நான் அவளைத்தான் பிடித்துக் கொடுத்தேன், சார். அவளை. பிடி எப்படி மாறிப்போனது? ஒரே ஒரு சேலை அவள் வீட்டிலிருந்து வந்தது. அந்தப் பதினேழை அவள் எப்போது அவன் ரேக்கில் கொண்டுபோய் வைத்தாள்? நான்தானே முன்வாசலில் நின்றேன். ராத்திரியும் பகலும் இதுதான் ஓடுகிறது. அடுப்படியில் நடந்துகொண்டே உலகம்மாளிடம் கேட்டேன். “நீங்க உக்காந்து யோசிங்க” என்கிறாள். உட்கார்ந்தால் எனக்கு யோசனை வராது.

இப்போது பாளையங்கோட்டை ஜெயிலில் மனுப் போட்டு அவனைப் பார்க்கத்தான் போகிறேன். இது மூன்றாவது தடவை. போன தடவை கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னையே பார்த்தான். நான் சொன்னேன், “கவலைப்படாதேலே, அவ எப்படி உள்ள வந்தான்னு மட்டும் கண்டுபிடிச்சிட்டேன்னா உன்னை வெளிய எடுத்துருவேன்.” அவனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுதான், பிறகு மறுபடி சிரித்தான்.

“உங்கள மாதிரி ஒரு கார்னர் எனக்கு வேற எங்கயும் கெடச்சிருக்க மாட்டாம்ணே” என்றான்.

அந்த இடத்தில் நின்றுகொண்டும் என்னைப் பாராட்டுகிறான் பாருங்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்? வலையில் கை வைத்தான். நானும் வைத்தேன். கோக்க முடியவில்லை, ஓட்டை சின்னது.

இதோ மானூர். சரியான மானூர்தான் இது. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே? பரவாயில்லை, நானே பேசிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் வெளியூர் ஆள், நடுவர் மாதிரி. எங்கே விட்டேன் என்று உங்களுக்குத் தோன்றினால் இறங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை. ஒரே ஒரு சேதி பாக்கி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 18, திங்கட்கிழமை, பிரம்மசக்தியைத் திரவியம் ஸ்ரீவைகுண்டம் போய் அழைத்துவந்து மறுபடி வேலைக்குச் சேர்த்தார். பட்டுப் பிரிவுக்கு இல்லை. பின்வாசல் காவலுக்கு.